கணிப்பொறிக்குள் ஒரு தறி

ஆரணிப் பக்கம் பட்டு நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுவார். மற்றொருவர் ராட்டையில் தார் சுற்றித் தருவார். நெசவாளரின் கை எவ்வளவு விரைவானதாக இருந்தாலும், தார் வந்து சேராவிட்டால் தறி நின்றுவிடும்.

தெள்ளாரிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஐயா, வீட்டில் சிறிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதில் கார்ப் பந்தய விளையாட்டு விட்டுவிட்டு ஓடுகிறது. தனி வரைகலை அட்டை வேண்டும் என்கிறார்கள். அப்பா கடன் வாங்கப் பார்க்கிறார்."

கடன் வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட். நொடிக்கு 60 படங்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட். அந்தக் கணிப்பொறியிலோ டி.டி.ஆர்.4-3200 வகை நினைவகத் தகடு ஒன்று இருந்தது. அது நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம், 2,560 கோடி பைட் தரவல்லது. தேவையைப் போல் ஐம்பது மடங்கு! பிறகு ஏன் தடங்கல்?

ஒரு புள்ளியை ஒருமுறை எழுதினால் மட்டும் போதாது. சாலையின் நிறத்தையும் மரத்தின் பட்டையையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று ஒப்பிட வேண்டும். மறையப்போகும் பொருளைக்கூடச் சில வேளை வரைந்து அழிக்க நேரும். மேலும், 2011-இல் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் மையச் செயலியையும் வரைகலைப் பகுதியையும் ஒரே சில்லில் அமைத்தன. அத்தகைய சில்லில் இரண்டுக்கும் பொது நினைவகமே. இரண்டு தறிகளுக்கு ஒரே ராட்டை!

தனி அட்டைக்குச் சொந்த நினைவகம் உண்டு. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 என்ற எளிய அட்டைக்கே நொடிக்கு 12,800 கோடி பைட் கிடைக்கும். ஆனால் மாணவரின் சிறு பெட்டியில் அட்டை செருக இடமே இல்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். நினைவகத்திற்கு இரு செருகிடங்கள், ஒன்று காலி. அதில் அதே வகைத் தகடு ஒன்றைப் பொருத்தினால், இரண்டு பாதைகளும் சேர்ந்து 5,120 கோடி பைட் தரும். இரண்டாவது ராட்டை கிடைத்துவிட்டது! அவ்வாறே செய்தார். ஓட்டம் நன்கு சீரானது, கடனும் தேவைப்படவில்லை.

இங்கே கொள்ளளவு வேறு, பாதையின் அகலம் வேறு என்பதைக் கவனியுங்கள். 16 ஜி.பி. தகடு ஒன்றைவிட 8 ஜி.பி. தகடுகள் இரண்டு இவ்வேலைக்கு ஏற்றவை. ஆனால் வேகம் அப்படியே இரு மடங்காகிவிடும் என்று எண்ண வேண்டாம். தார் நிறையக் கிடைத்தபின், நெசவாளரின் கைவேகமே எல்லையாகும். வரைகலைப் பகுதியின் கணக்கிடும் திறனும் அத்தகையதே.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்பில் படத்தை 1280 × 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை எத்தனை மடங்கு குறைகிறது? நீங்களே கணக்கிடுங்கள்.