தேனீப் பெட்டியை எங்கே வைப்பது?

கேள்வி: குலசேகரம் அருகே எங்களுக்கு ரப்பரும் தென்னையும் கலந்த தோட்டம் உள்ளது. தேனீ வளர்க்க ஆசை. பெட்டிகளை எந்த இடத்தில் வைக்கலாம்?

பதில்: முதலில் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். நம் அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல. இலையுதிர்வுக்குப் பின் துளிர்க்கும் இளந்தளிரின் காம்பில். ஆனால் அதில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதை ஆண்டு முழுவதும் பூக்கும் உங்கள் தென்னை தரும். எனவே இரண்டும் சந்திக்கும் ஓரமே நல்ல இடம்.

காலை இளவெயில் பட வேண்டும்; உச்சிவெயிலுக்கு நிழல் வேண்டும். வாசல் கிழக்கு நோக்கி, ஆள் நடமாடும் பாதைக்கு விலகி இருக்கட்டும். மட்டையும் தேங்காயும் விழும் இடத்தைத் தவிருங்கள். பெட்டிகளுக்கிடையே 2 மீட்டராவது இடைவெளி விடுங்கள். மழைநீர் தேங்காத மேட்டில், கால் உயர்த்திய தாங்கியில் வைத்து, காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. அருகில் சுத்தமான நீர் அவசியம்.

பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் ஒத்துழைக்காவிட்டால் வேறு இடம் தேடுவதே நல்லது.