பீர்மேட்டு மலைகளில் பெருந்தொற்றுக் காலம்: வீட்டுத் தோட்டமும் இயற்கை நோக்கலும்

1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதுவரை கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பீர்மேடு வட்டமும் அதனுள் வந்தது. தேயிலையும் ஏலமும் விளையும் இம்மலைகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள சந்தைகளுக்குக் காய்கறிகளில் பெரும்பகுதி குமுளி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி வருவோரும் அப்பள்ளத்தாக்கினரே. 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததும் இந்தப் போக்குவரத்து முடங்கியது. மலைவாழ் மக்களின் அடுக்களை மலைக்குக் கீழுள்ள வயல்களை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அப்போது கண்கூடாயிற்று.

அரிசிக்குப் பஞ்சம் ஏற்படவில்லை. நியாயவிலைக் கடைகள் இலவச அரிசியும், பின்னர் மளிகைப் பொருள் தொகுப்பும் வழங்கின. தட்டுப்பட்டவை காய்கறிகளே. அவ்வாண்டு மே மாதம் கேரள அரசு ரூ. 3,860 கோடி மதிப்பில் 'சுபிட்ச கேரளம்' திட்டத்தைத் தொடங்கியது. தரிசு நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவருவதும் வீட்டுத் தோட்டங்களைப் பெருக்குவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும்.

முந்தைய நெருக்கடி

இம்மலைகள் தற்சார்பு முழக்கத்தைக் கேட்டது அதுவே முதல் முறையன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அப்போது எளிய மக்களின் உயிரைக் காத்தது கப்பை எனப்படும் மரவள்ளிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அறுபதாண்டுகள் கழித்துக் கைகொடுத்தது எனலாம். ஆனால் அதே காலத்தில் 'உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்' இயக்கத்தின் பெயரால் உயர்மலைக் காடுகள் குத்தகைக்கு விடப்பட்டு அழிக்கப்பட்டன. 1955இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் குடியேற்றத் திட்டம் மேலும் பலரை மலைக்கு அழைத்து வந்தது. அன்றைய தற்சார்புக்கு விலையாகக் காடு கொடுக்கப்பட்டது. 2020இல் அவ்விலை தேவைப்படவில்லை. வீட்டின் பின்புறமே போதுமானதாக இருந்தது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

எதை, எப்போது பயிரிடுவது

ஊரடங்கு தொடங்கிய காலம் தோட்டமிடுவோருக்குச் சாதகமாகவே அமைந்தது. சேனையைக் கும்ப மாதத்திலும், பிற விதைகளை விஷுவுக்குப் பின் வரும் பத்தாமுதயத்தை ஒட்டியும் இடுவது மலையாள நாட்டு மரபு. மேட மாதத்துக் கோடைமழை மண்ணை நனைக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்குள் செடி வேரூன்றிவிட வேண்டும். குட்டிக்கானம், பீர்மேடு பகுதிகளில் பெய்யும் கனமழை, நேரங்கழித்து இட்ட விதையை மண்ணோடு அடித்துச் சென்றுவிடும். கிழக்கே குமுளிப் பக்கம் மழை குறைவு. அங்கே சற்றுத் தாமதிக்கலாம்.

பாத்தியை உயர்த்திக் கட்டி, சரிவுக்குக் குறுக்கே அமைத்து, நீர் வடிய வாய்க்கால் விடுவது முதற்பணி. தேயிலைக்கு உகந்த மண் புளிப்பு மிகுந்தது. பீன்சுக்கும் கோசுக்கும் அது ஒவ்வாது. ஆகவே விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாகச் சுண்ணாம்பு இட வேண்டும். சேம்பு, சேனை, காச்சில், கப்பை ஆகியவை அத்தனை கவனிப்பைக் கேட்பதில்லை. சவ்சவ் கொடி ஒன்று பந்தலேறிவிட்டால் ஒரு குடும்பத்துக்கு மட்டுமன்றி அண்டை வீட்டுக்கும் காய் தரும். மழைக்காலத்தில் நத்தைகள் இளஞ்செடிகளைத் தின்னும். இரவில் விளக்கோடு சென்று பொறுக்குவதே சிறந்த வழி. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டும் இடங்களில் கிழங்குப் பயிரை வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. கப்பையைத் தோல் நீக்கி, நறுக்கி, நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். அதில் நச்சுப் பொருள் உண்டு.

இத்தனையும் நிலம் உள்ளவர்க்குப் பொருந்தும். லயத்தில் வாழும் தொழிலாளிக்கு? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்புக்கு வழி செய்தது. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள மண் தொழிலாளியுடையதன்று. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேட்டில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, வருவாயின்றிப் பல குடும்பங்கள் லயங்களிலேயே தங்கிவிட்டன. வீட்டுத் தோட்டத் திட்டம் வகுக்கும் அலுவலர் விதைப் பொட்டலம் கொடுப்பதோடு நின்றுவிட்டால் பயனில்லை. லயத்தின் முன்னுள்ள இரண்டு சென்டு இடத்தில் பயிரிட நிருவாகத்தின் எழுத்து மூலமான இசைவையும் பெற்றுத் தர வேண்டும்.

வாசலில் நின்று நோக்கல்

ஊரடங்கில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் சுற்றுலா நின்றது. 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காப்பகத்தில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணைப் பட்டை உரித்தவர்களே பிற்காலத்தில் சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாயினர். காட்டையும் அதன் பறவைகளையும் அறிந்த அறிவு அவர்களுக்குச் சோறு போட்டது. எனவே இயற்கை நோக்கலை வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது, குறைந்தபட்சம் தேக்கடியைப் பொறுத்தவரை, சரியன்று.

காட்டுக்குள் செல்ல இயலாத மாணவன் வாசலிலேயே தொடங்கலாம். விடியுமுன் ஓடைப்பக்கம் வேலையற்ற சிறுவன் சீட்டியடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. 'குட்ரூ, குட்ரூ' என்று நாள் முழுதும் ஒலிப்பது சின்னக் குக்குறுவான். பட்ட கிளையைக் குடைந்து கூடு கட்டும் அப்பறவைக்காகவேனும் ஒரு காய்ந்த கிளையை வெட்டாமல் விடலாம். அந்தியில் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியும், ஓடைக் கற்களில் வாலாட்டும் சாம்பல் வாலாட்டியும் குளிர்கால விருந்தினர். கோடையில் வடக்கே சென்றுவிடும். அவை கடைசியாகக் காணப்பட்ட நாளைக் குறித்து வைப்பது அறிவியலுக்குப் பயன்படும்.

குறிக்கும் முறை எளிது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிடில் நிறம், அலகு, குரல் ஆகியவற்றை எழுதலாம். ஒன்றும் காணாத நாளிலும் 'இல்லை' என்று எழுதுவது இன்றியமையாதது. பலர் இங்கேதான் தவறுகின்றனர். வராத நாள் தெரியாவிட்டால் வந்த நாளுக்குப் பொருளில்லை. சலீம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் செய்த ஆய்வு 1953இல் நூலாயிற்று. 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை நிலவரைப்படத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர் வறண்ட பருவத்திலும் மழைப் பருவத்திலும் கணக்கெடுத்து, 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறும் விஞ்ஞானிகள் அல்லர்.

மழையை அளத்தல்

அதே குறிப்பேட்டில் மழைக்கும் ஒரு பத்தி ஒதுக்குவது நல்லது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்த் தகரக் குவளையைத் திறந்த வெளியில் நிறுத்தி, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீருக்குச் சமம். இருபது சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர். சேதாரம் போனாலும் கோடைப் பாத்திக்குப் பல நாள் போதும்.

ஆனால் பாத்தியைவிடப் பெரிய காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களைப் புதைத்தது. காணாமற் போனவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். 2021 அக்டோபர் 16இல் பீர்மேடு வட்டத்தின் கொக்கையாற்றிலும் மண் சரிந்து உயிர்கள் பறிபோயின. மலையில் ஒரு முகட்டில் பெய்யும் மழை அடுத்த முகட்டில் பெய்வதில்லை. தொலைவிலுள்ள ஒரு மானியின் அளவைக் கொண்டு ஒவ்வொரு சரிவின் நிலையையும் அறிய முடியாது. அண்டையிலுள்ள மீனச்சிலாற்றுப் படுகையில் பொதுமக்களும் பள்ளி மாணவரும் மழைமானிகள் வைத்து, அளவுகளை உடனுக்குடன் பகிர்ந்துகொள்கின்றனர். பீர்மேட்டில் பள்ளிக்கு ஒன்று, லய வரிசைக்கு ஒன்று என மானி வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அளவெடுக்கும் மாணவன் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பவற்றை ஜூன் பிறக்கும் முன்பே ஊராட்சியும் வருவாய்த் துறையும் தோட்ட நிருவாகமும் கூடி முடிவு செய்து, லயச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும்.