திறந்த காணொளிக் குறிமுறையும் வலைத் தரப்பாடும்

'பாற்குடம்' என்னும் தொடரில் உருபும் பயனும் மறைந்து நிற்கின்றன. இலக்கணம் கற்றோர் அதனைப் 'பாலைக் கொண்ட குடம்' என விரித்துணர்வர். கணினித் துறையினர் 'கோடெக்' என வழங்கும் காணொளிக் குறிமுறையும் ஏறத்தாழ இத்தகையதே. அனுப்புவோர் தொகுத்தனுப்புவதைப் பெறுவோர் அதே விதி கொண்டு விரித்துக் காண்கின்றனர்.

தொகுத்தல் ஏன் வேண்டும்? 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் புள்ளிக்கு 3 பைட்டு, நொடிக்கு 25 படம் எனக் கணக்கிடின், ஒரு நொடிக் காட்சிக்கே 15 கோடியே 55 லட்சம் பைட்டுகள் ஆகும். இல்லங்களிலுள்ள இணைய இணைப்புகளுட் பெரும்பாலானவை இதனைத் தாங்கமாட்டா. ஆகவே, முந்தைய படத்தினின்று மாறிய பகுதி மட்டுமே அனுப்பப்படுகிறது. நகர்ந்த பகுதியாயின், எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்னும் குறிப்பே போதுமானது. கண் பொருட்படுத்தாத நுண்வேறுபாடுகள் கைவிடப்படுகின்றன.

பாற்குடத்தை விரிப்பதற்கு யாரும் பவணந்தியாருக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. 2003இல் வெளிவந்த எச்.264 குறிமுறையின் நிலை வேறு. அதன் உத்திகள் பல நிறுவனங்களின் காப்புரிமத்திற்கு உட்பட்டவை. அவற்றிற்கான உரிமத்தொகையை எம்பெக் எல்ஏ என்னும் அமைப்பு திரட்டி வந்தது. வலைப்பக்க மொழியாகிய எச்டிஎம்எல்லோ எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கது. இவ்விரண்டும் ஓரிடத்தே சந்தித்தபோது சிக்கல் தோன்றியது.

2007இல் ஓபரா நிறுவனத்தார் வலைப்பக்கத்தில் காணொளிக்கெனத் தனிக்கூறு ஒன்றை முன்மொழிந்தனர். அதற்குக் கட்டணமற்ற ஓக் தியோராவைப் பயன்படுத்துமாறு எச்டிஎம்எல்5 வரைவு பரிந்துரைத்தது. நோக்கியா, ஆப்பிள் முதலிய நிறுவனங்கள் மறுத்தமையால் அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பரிந்துரை நீக்கப்பட்டது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 தரப்பாடாக வெளிவந்தபொழுதும் எக்குறிமுறையும் அதில் விதிக்கப்படவில்லை. விதி கூறவேண்டிய நூல் மௌனம் சாதித்தது என்றே யான் கருதுகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் கூகுள், ஆன்2 நிறுவனத்தை வாங்கி, அதன் விபி8 குறிமுறையை 2010 மே திங்களில் அனைவர்க்கும் திறந்துவிட்டது. எனினும் திறந்தது என அறிவித்துவிட்டால் மட்டும் தடை நீங்கிவிடுவதில்லை. பிறர் காப்புரிமம் அதனுள்ளும் உண்டென்ற ஐயம் எழ, 2013 மார்ச்சில் கூகுளே எம்பெக் எல்ஏயுடன் உரிம உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. கட்டணமற்ற குறிமுறைக்காக வாதிட்டு வந்த மொசில்லாவும் 2012இல் எச்.264ஐ ஏற்கும் நிலைக்கு வந்தது. கைபேசிகளின் சில்லுகள் அம்முறைக்கே அமைந்திருந்தன. மறுவருடம் சிஸ்கோ, தன் எச்.264 மென்பொருளை உரிமத்தொகையைத் தானே செலுத்தி இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. ஈகைதான், ஐயமில்லை, ஆயினும் பிறர் செலுத்தும் வாடகையில் குடியிருப்பது சொந்த வீடாகாது.

2015இல் கூகுள், மொசில்லா, மைக்ரோசாப்ட், சிஸ்கோ, நெட்ஃபிளிக்ஸ் முதலியோர் திறந்த ஊடகக் கூட்டணி கண்டனர். பின்னர் ஆப்பிளும் இணைந்தது. 2018 மார்ச்சில் அவர்களது ஏவி1 வெளிவந்தது. மறுவருடமே சிஸ்வெல் என்னும் நிறுவனம், ஏவி1இல் பிறர் காப்புரிமங்கள் உள்ளன எனக் கூறி உரிமத்தொகைத் திட்டமொன்றை அறிவித்தது. கூட்டணியோ கட்டணமின்மையே தன் நிலை என மீண்டும் உரைத்தது. 2023இல் ஐபோன் 15 புரோவின் சில்லு ஏவி1ஐ விரிக்கும் அமைப்புடனேயே வந்தது.