சோறு இருக்கும் திசை

அன்புள்ள கயல்விழிக்கு,

'விலங்கு நகரும், செடி நகராது' என்று படித்திருப்பாய். அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள். உடலின் ஒரு பகுதி அசைவது இயக்கம். முழு உடலும் இடம் விட்டு இடம் போவது இடப்பெயர்ச்சி. இயக்கத்தில் செடி யாருக்கும் சளைத்ததல்ல. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால், இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறும். நீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடும். விறைப்பு குறைந்ததும் இலை சாயும். சில நிமிடங்களில் நீர் திரும்ப, மறுபடி நிமிரும். 'இது வெறும் நீரழுத்தம்தானே, தசை எங்கே?' என்று கேட்பாய். சிலந்தியைப் பார். காலை மடக்க அதற்குத் தசை உண்டு. ஆனால் காலின் இரண்டு முக்கிய மூட்டுகளில் நீட்டும் தசை கிடையாது. உடல் திரவத்தைக் காலுக்குள் அழுத்திச் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்ளே மடங்கிக் கிடப்பது அந்த அழுத்தம் போய்விட்டதால்தான். ஆகவே தசையை எல்லைக்கல்லாக நட முடியாது.

'இடப்பெயர்ச்சியாவது விலங்குக்கே உரியதல்லவா?' என்றால், அதுவும் முழு உண்மையல்ல. கடற்பஞ்சு ஒரு விலங்கு. இளம்பருவத்தில் நீந்தித் திரிந்துவிட்டுப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது; பிறகு தன் வழியே பாயும் நீரிலிருந்து உணவை வடிகட்டித் தின்றபடி அங்கேயே வாழ்கிறது. பெரணி ஒரு தாவரம். அதன் ஆண் செல்களோ ஈரத்தில் நீந்திப் போய்த்தான் பெண் செல்லை அடைகின்றன.

அப்படியானால் பெரும்பாலான விலங்குகள் அலைவதும் செடிகள் நிற்பதும் ஏன்? காரணம் உணவு. ஒளியும் காற்றும் இலையைத் தேடி வருகின்றன. செடிக்கு ஒளியின் பக்கம் வளைந்தாலே போதும். புல் நாற்றின் நுனியை ஒளி புகாதபடி மூடிவிட்டால் அது ஒளிப்பக்கம் வளைவதில்லை என்று சார்லஸ் டார்வின் 1880இல் வெளியிட்ட நூலில் காட்டினார். விலங்கோ பிற உயிர்களைத் தின்று வாழ்வது. அதனால் தேடிப் போகிறது. நீரே உணவைக் கொண்டுவந்து தந்தால், கடற்பஞ்சைப் போல உட்கார்ந்துவிடுகிறது. இந்த வாதத்துக்குச் சரியான சோதனை, பச்சையத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்ட கஸ்குட்டா கொடி. தனக்கான உணவைத் தானே தயாரிக்க முடியாத அதன் நாற்று, முளைத்ததும் காற்றில் சுழன்று துழாவுகிறது. தக்காளிச் செடியின் வாசனையை நோக்கி அது வளர்வதை 2006இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பற்றிக்கொள்ளச் செடி கிடைத்தால், மண்ணோடிருந்த தொடர்பு அற்றுப்போகும்; கிடைக்காவிட்டால் சில நாட்களில் நாற்றே செத்துவிடும். செடியும் பசித்தால் தேடத்தான் செய்கிறது.

இனி எந்த உயிரைப் பார்த்தாலும், அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேள். அது ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பது தானே விளங்கும்.

அன்புடன்,
உன் சித்தப்பா