சின்ன மெஸ், டிபன் கடையில் சாப்பாடு வீணாகாமல் இருக்க

வீட்டோடு மெஸ்ஸோ, தெருமுனையில் டிபன் கடையோ நடத்தும் தோழிகளே, கல்லாவுக்கு வரவேண்டிய காசு ராத்திரி குப்பைத் தொட்டியில் விழுந்தால் வயிறு எரியத்தானே செய்யும்? பைசா செலவில்லாத சில வழிகள் இதோ.

1. எங்கே வீணாகிறது என்று முதலில் பிடியுங்கள். காய் நறுக்கிய கழிவு, அண்டாவில் மிஞ்சியது, இலையில் மிஞ்சியது மூன்றுக்கும் தனித்தனி வாளி வைத்து, ஒரு வாரம் எடை போட்டு எழுதுங்கள். அண்டா வாளி கனத்தால் சமைக்கும் அளவு கூடுதல். இலை வாளி கனத்தால் பரிமாறுவதில் கோளாறு.

2. அன்றன்று எத்தனை சாப்பாடு போனது என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள். அமாவாசை, முகூர்த்த நாள், மழை, காலேஜ் லீவு எல்லாம் கூட்டத்தை மாற்றும். அசைவ மெஸ் என்றால் புரட்டாசியில் கறி, மீன் வாங்குவதைத் தைரியமாகக் குறைக்கலாம்.

3. மதியச் சாதத்தை ஒரே அண்டாவில் மொத்தமாக வடிக்காதீர்கள். பாதியை வடித்துவிட்டு, மீதி அரிசியைக் கழுவி ஊறவைத்து, பக்கத்து அடுப்பில் உலையைச் சூடாகவே வைத்திருங்கள். ஒரு மணிக்கு வாசலில் நிற்கும் ஆட்களைப் பார்த்து அடுத்த ஈடு போட்டால் அரைமணியில் சாதம் தயார். கூட்டம் இல்லையா, ஊறிய அரிசியை உளுந்தோடு சேர்த்து ஆட்டி மறுநாள் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பந்திக்கும் சூடான சாதம் கிடைப்பது கூடுதல் லாபம்.

4. பொரியல், கூட்டுக்குச் சின்னக் கரண்டி போடுங்கள்; கேட்டால் மறுபடி வைக்கலாம். ஒரே கூட்டு பல இலைகளில் அப்படியே திரும்பினால், உடனே எடுத்து ருசி பாருங்கள். உப்போ காரமோ மிஞ்சியிருக்கும்.

5. ‘அரைச் சாப்பாடு’ என்று போர்டில் எழுதி வையுங்கள். வயதானவர்களும் பிள்ளைகளோடு வருபவர்களும் அதைத்தான் தேடுவார்கள்.

6. தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். வெயில் ஏறினால் நிற்காது. பார்சலுக்கு எத்தனை சட்னி வேண்டும் என்று கேட்டுக் கட்டினால் பொட்டலமும் மிச்சம்.

7. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு, காலிஃபிளவர் தண்டு குருமாவுக்கு. புளித்த மாவு சாயங்காலப் பணியாரத்துக்கு.

8. மூட்டை, டின் எல்லாவற்றிலும் வாங்கிய தேதியை எழுதுங்கள். பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்தால் மாஸ்டர் கை தானாக அதில்தான் போகும்.

9. மிஞ்சிய சாதத்தை அண்டாவிலேயே மூடி வைக்காதீர்கள். கெடுக்கும் கிருமி வெதுவெதுப்பில்தான் பெருகும். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், இல்லையேல் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில். ஒரு தரத்துக்கு மேல் சூடு பண்ணவே வேண்டாம்.

10. கொடுக்க நினைத்தால் சாப்பாடு நன்றாக இருக்கும்போதே கொடுங்கள். 2014-ல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போல, மிஞ்சியதை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கும் அமைப்புகள் உண்டு. இதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறையும் போட்டிருக்கிறது. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபோன் பண்ணிவிட்டால், கெடுவதற்குள் போய்ச் சேரும்.

11. வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம், சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். ஆணையத்தின் 2018-ம் வருடத் திட்டப்படி, பயோடீசலுக்காகப் பழைய எண்ணெயை விலை கொடுத்து வாங்குகிறார்கள். டின்னில் சேர்த்து வைத்து அவர்களுக்கே போடுங்கள்.

12. கழனித் தண்ணீரையும் காய்த் தோலையும் மாட்டுக்காரருக்குக் கொடுங்கள். ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் கவர் ஒன்றுகூட உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.