மிதிவண்டியும் மேல்காற்றும்

நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின் ஓடியும் முடிக்கும் ட்ரையத்லான் என்னும் போட்டி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. நீச்சல் 1500 மீட்டர், மிதிவண்டி 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர். புதியவர்களுக்கு இதில் சரிபாதித் தூரமுள்ள போட்டியும் உண்டு. அதன் மிதிவண்டிப் பகுதி 20 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து புளியங்குடி போகும் தூரத்தை ஒட்டியது. நீச்சலைப் பற்றி நாங்கள் எழுத முற்படவில்லை. கோடையில் கிணறு வற்றும் ஊர் நமது!

"பெண் பிள்ளைகளால் அவ்வளவு தூரம் முடியுமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினர். கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். குழந்தையை உட்கார வைக்க நடுக்கம்பி உதவுகிறதென்று சிலர் அதையே விரும்பினராம்!

ஓட்டுமுன் இருக்கையைக் கவனிக்க வேண்டும். எங்களுள் ஒருத்தி, தரையில் கால் ஊன்ற வசதியென்று இருக்கையை முழுவதும் இறக்கிவிட்டு, ஒரு மாதம் முழங்கால் வலியால் துன்பப்பட்டாள். பெடல் கீழே இருக்கையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கும். அதுவே சரியான உயரம்.

வாரத்தில் மூன்று நாள் ஓட்டலாம். இரண்டு நாள், தோழியோடு பேசிக்கொண்டே போகும் வேகம் போதும். பேச்சு திணறினால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். மெதுவாக நெடுநேரம் ஓட்டுவதால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்ட வேண்டாம். ஆறு வாரம் கழித்து, மூன்றாம் நாளை வேகத்துக்கு ஒதுக்கலாம்: இரண்டு நிமிடம் விரைவு, மூன்று நிமிடம் மெதுவு, இப்படி ஐந்து முறை.

கியர் இல்லாத நம் வண்டி பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். கடிகாரம் ஒன்றிருந்தால் போதும், கணக்கு நம் கையில்.

காற்றின் எதிர்ப்போ வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை நாம் அறிவோம். சென்ற ஆடியில் நாங்கள் அதை மறந்து, கழுகுமலைச் சாலையில் கிழக்கே பறந்தோம். 'எவ்வளவு முன்னேறிவிட்டோம்!' என்ற பெருமை வேறு. திரும்புகையில் காற்று மார்பில் அறைந்தது. வீடு சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். பதினைந்து நாள் எங்கள் வண்டிகள் பூட்டிக் கிடந்தன.

இப்போது முதலில் மேற்கே, எதிர்காற்றில் போகிறோம். களைத்தபின் காற்றே வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. ஒருத்தியின் தாயார் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறார்.