ஏர்கோன் ஏன் சொட்டுகிறது, ஏன் இரைகிறது?

பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் தே ஓ ஐஸ் வாங்கி மேசையில் வைத்துச் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள். குவளையின் வெளிப்புறம் வியர்த்து, மேசையில் நீர்வளையம் விழும். அந்த நீர் குவளையிலிருந்து கசிந்ததன்று, காற்றிலிருந்து வந்தது. இப்போது தலைக்கு மேலே பாருங்கள். சில கடைகளில் கூரைப் பலகையில் பழுப்புக் கறையும் அதன் கீழே ஒரு வாளியும் இருக்கும். அதற்கும் பெரும்பாலும் இதே காரணந்தான்.

காற்று குளிரக் குளிர, அதில் இருக்கக்கூடிய நீராவியின் உச்ச அளவு குறையும். நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. கிள்ளானில் ஒரு பிற்பகல் 32 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. பேரங்காடியின் காற்றுக்குழாயில் ஓடும் காற்றோ சுமார் 13 பாகை; குளிர்நீர்க் குழாயில் நீர் 6 அல்லது 7 பாகை. உறையில்லாத குழாய் வியர்க்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் குழாய்மேல் காப்புறை சுற்றுகிறார்கள். உறையின் வெளிப்புறம் பனிநிலையைவிடச் சூடாக இருக்கும் அளவுக்கு அது தடிப்பாக இருக்க வேண்டும். நீராவி உள்ளே நுழையவும் கூடாது. கண்ணாடி இழைப் பஞ்சு வெப்பத்தைத் தடுப்பது, அதனுள் சிக்கிய காற்றினால். மேலுள்ள அலுமினியத் தாள் கிழிந்தால் நீராவி புகுந்து, உள்ளே நீராகும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உறை நனைய நனைய வெளிப்புறம் குளிரும்; குளிரக் குளிர மேலும் நனையும். பின்னர் பூஞ்சணம் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தொல்லை.

இனி இரைச்சல். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆகவே, அகலமான குழாயில் காற்றை மெதுவாகச் செலுத்துவது நல்லது. எந்திரத்தின் அதிர்வு சுவரில் ஏறாமலிருக்க அடியில் ரப்பர் மெத்தை அல்லது சுருள்வில் வைக்க வேண்டும். கடைவீடுகளின் மாடியில் உறங்குவோருக்கு இது பெரிய உதவி.

சிக்கல் இங்கேதான். ஒலியை உறிஞ்சும் பஞ்சில் துளைகள் திறந்திருக்க வேண்டும். வியர்வையைத் தடுக்கும் ரப்பர் நுரையில் துளைகள் மூடியிருக்க வேண்டும். ஒரே பொருளால் இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது. எனவே பொறியாளர்கள் ஒலியுறிஞ்சியைக் குழாயின் உட்புறமும், நீராவித் தடுப்பை வெளிப்புறமும் அமைக்கிறார்கள். இதை அறியாமல், இரைச்சலைக் குறைக்கக் காற்று வரும் வாயில் பஞ்சை அடைத்தால் காற்றோட்டம் குறையும். குளிர்ச்சுருளில் பனி உறையும். அது உருகும்போது வெள்ளந்தான்.

நீர் சொட்டினால் இடத்தைக் கவனியுங்கள். உட்புறப் பெட்டியின் கீழே என்றால் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். குழாயின் நெடுகிலும் என்றால் காப்புறையைச் சோதிக்க வேண்டும். காற்று வாயின் ஓரத்தில் மட்டும் என்றால், வாசல் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலையை 16 பாகைக்கு இறக்குவதும் சொட்டலைக் கூட்டலாம். மலேசியத் தரமான எம்எஸ் 1525 அலுவலகங்களுக்குப் பரிந்துரைப்பது 24 முதல் 26 பாகை வரை.

செய்து பாருங்கள்: ஒரே அளவான மூன்று தகரக் குவளைகளில் பனிக்கட்டி இடுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதைப் பருத்தித் துண்டால் சுற்றுங்கள். மூன்றாவதைப் பழைய யோகா பாயின் துண்டால் இறுகச் சுற்றி, இணைப்பையும் மேல், கீழ் விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் அடையுங்கள். அரைமணி நேரம் கழித்து உறைகளைப் பிரித்து, எது நனைந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். துண்டு ஏன் குவளையை ஒட்டிய பக்கத்தில் ஈரமாகிறது? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.